யாரும் அறியாத இடத்தின் சாட்சி

மருத்துவம் பயின்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஒருவர், தமது 37-ஆவது வயதில் அப்பணியைத் துறந்து, கேமராவே இனித் தம் தொழில் என முடிவு செய்தார். அவர்தான் எலியட் போர்ட்டர். இயற்கையை வண்ணத்தில் படமெடுப்பதும் உயர்ந்த கலையே என்று உலகை ஏற்கச் செய்தவர்களுள் முதன்மையானவர். அவரது வாழ்வில் பெருவெற்றியும் உண்டு. ஆறாத வருத்தமும் உண்டு.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901-ஆம் ஆண்டு போர்ட்டர் பிறந்தார். மெய்ன் மாநிலக் கடற்கரையையொட்டி அவரது குடும்பத்துக்குச் சொந்தமான தீவு ஒன்று இருந்தது. கோடை விடுமுறைகளில் அங்கே அலைகளையும் பாறைகளையும் கடற்பறவைகளையும் எளிய பெட்டிக் கேமராவில் பதிவு செய்த சிறுவனே பிற்காலக் கலைஞனின் தொடக்கம். முதுமையிலும் அத்தீவை அவர் கைவிடவில்லை.

அக்காலத்தின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், நியூயார்க்கிலுள்ள தமது காட்சிக்கூடத்தில் 1938-ஆம் ஆண்டின் இறுதியில் போர்ட்டரின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அந்த அங்கீகாரமே ஆய்வுப்பணியை விடும் துணிவை அவருக்கு அளித்தது. குடும்பச் செல்வமும் அம்முடிவுக்குத் துணை நின்றது.

கறுப்பு வெள்ளைப் படங்களே கலை, வண்ணப் படங்கள் விளம்பரத்துக்கு உரியவை என்று கருதப்பட்ட காலம் அது. பறவைகளை வண்ணமின்றி அடையாளம் காண்பது கடினம் என்று ஒரு பதிப்பகம் கூறியதால் போர்ட்டர் வண்ணத்துக்கு மாறினார். ஒரே காட்சியை மூன்று நிறங்களாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாயமேற்றி அச்சிடும் கடினமான முறையைக் கற்று, தம் படங்களைத் தாமே அச்சிட்டார்.

இலையுதிர்கால மலைக்காடுகளில் அவர் சிகரங்களைத் தேடி அலையவில்லை. காலடி ஓடையில் மிதக்கும் செந்நிற மேப்பிள் இலையும், பாறையில் படர்ந்த பாசியும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நிறங்களை உள்ளபடி காட்டும் மேகமூட்டமான ஒளியையே அவர் பெரிதும் விரும்பினார். இத்தகைய படங்களை எழுத்தாளர் தோரோவின் வரிகளுடன் இணைத்து, 1962-இல் சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது.

வருத்தம் கொலராடோ ஆற்றங்கரையில் காத்திருந்தது. 1950-களில் வேறொரு பள்ளத்தாக்கில் வரவிருந்த அணைகளை எதிர்த்துப் போராடிய சியரா கிளப், அத்திட்டம் கைவிடப்பட்டதும் கிளென் பள்ளத்தாக்கு அணைக்கான எதிர்ப்பை விலக்கிக்கொண்டது. அந்தப் பள்ளத்தாக்கை நேரில் கண்டவர் மிகச் சிலரே. போர்ட்டர் 1960 முதல் பலமுறை அங்கே படகில் சென்றார். செம்மண் நிறப் பாறைச் சுவர்களையும், அவற்றில் ஒளி எதிரொளிக்கும் குறுகிய இடுக்குகளையும் படமெடுத்தார். ஆனால் அணை அதற்குள் எழுந்துகொண்டிருந்தது. 1963-இல் மதகுகள் மூடப்பட்டன. அதே ஆண்டு வெளிவந்த அவரது நூலுக்கு, யாரும் அறியாத இடம் என்னும் பொருள்படும் தலைப்பு வைக்கப்பட்டது. அது இரங்கற்பா போலாயிற்று.

ஆனாலும் அந்த இழப்பு வீணாகவில்லை. அடுத்து கிராண்ட் கேன்யனில் அணைகள் கட்ட முயற்சி நடந்தபோது, மூழ்கிய பள்ளத்தாக்கின் படங்கள் மக்களின் நினைவில் இருந்தன. கடும் எதிர்ப்பின் விளைவாக, 1968-இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வணைகள் இடம்பெறவில்லை.

போர்ட்டர் 1990-இல் மறைந்தார். அண்மைக்கால வறட்சியில் நீர்மட்டம் தாழ்ந்து, அவர் படமெடுத்த பள்ளத்தாக்கின் சில பகுதிகள் மீண்டும் வெளிப்பட்டுள்ளன. அணைகளால் நீரும் மின்சாரமும் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் எதை இழந்து அவற்றைப் பெறுகிறோம் என்பதை, இழப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். அழகிய இடங்களுக்குக் கேமராவுடன் செல்வோர் அனைவருக்கும் அந்த மருத்துவரின் வாழ்க்கை விட்டுச்சென்றுள்ள பொறுப்பு அதுவே.