பழுப்புக் கரியைப் பெட்ரோலாக்கியவர்

விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னதும் எல்லாரும் எடிசன், சர் சி.வி. ராமன்னு ஆளுக்கொருவரை எடுத்துக்கிட்டாங்க. நான் ஃபிரீட்ரிக் பெர்கியஸை எடுத்தேன். காரணம், நெய்வேலிச் சுற்றுலாவில் கையில் வாங்கிப் பார்த்த பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தானாம்! அந்த மாதிரி மட்டமான கரியையும் பெட்ரோலாக்க வழி காட்டியவர் இவர்.

1884 அக்டோபர் 11-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரருகே பிறந்தார். (அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது.) அப்பா ரசாயனத் தொழிற்சாலை வைத்திருந்ததால் சின்ன வயதிலேயே தொழில் பழகிவிட்டார்.

மண்ணுக்குள் கரி உண்டாக லட்சக்கணக்கான வருஷம் ஆகுமில்லையா? பெர்கியஸ் என்ன பண்ணார் தெரியுமா? செடியிலுள்ள செல்லுலோஸைத் தண்ணீரோடு மூடிய பாத்திரத்தில் சூடாக்கி, கரி போன்ற பொருளையே செய்துவிட்டார். அடுத்து, கரியை எண்ணெயாக்க முடியுமா என்று பார்த்தார். பெட்ரோலில் ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் 2 ஹைட்ரஜன் அணு உண்டு. கரியில் ஒன்று தேறுவதே கஷ்டம். அப்போ குறைகிற ஹைட்ரஜனைக் கொடுத்தால் போதுமே!

கரியைப் பொடியாக்கி, கனமான எண்ணெயில் இட்லி மாவு மாதிரி குழைத்து, 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தணும். கரி எண்ணெயாகும். அதிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பிரியும் (நம்ம லேப்ல அழுகின முட்டை நாற்றம் வருமே, அதேதான்). சாம்பல் அடியில் தங்கிடும். 1913-ல் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் பெரிய ஆலை நடத்தப் பணம் கட்டுப்படியாகலை. 1925-ல் உரிமையை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அங்கே வினையூக்கிகள் சேர்த்து முறையைச் சீராக்கினாங்க. 1927-ல் லாய்னா ஆலையில் பழுப்புக் கரியிலிருந்து பெட்ரோல் வந்தது. 1931-ல் கார்ல் போஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கேதான் எனக்கு மனசு ஒட்டலை. கரியிலிருந்து செய்த எரிபொருள்தான் இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் விமானங்களைப் பறக்க வைத்தது. 1944 மே 12-ல் அமெரிக்க விமானங்கள் லாய்னாவைக் குண்டுவீசித் தாக்கின. அதோடு, ஹைட்ரஜன் தயாரிக்கவே நிறையக் கரியை எரிக்கணும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கந்தகமும் சாம்பலும் போச்சு என்பதற்காகச் சுத்தமான எரிபொருள்னு முழுசா எப்படிச் சொல்றது?

பெர்கியஸ் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். மரத்தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுக்கும் ஆராய்ச்சி! சொந்தப் பணத்தையும் அதிலேயே கொட்டினார். போர் முடிந்தபின் அர்ஜென்டினா போனார். 1949 மார்ச் 30-ல், 64 வயதில், புவனஸ் அயர்ஸ் நகரில் காலமானார்.