ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீரர்



ஞாயிறு என்றும் பாராமல் ஷிப்டுக்குப் போகும் இராஜபாளையம் மில் தொழிலாளர்களையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிறு காலையிலேயே டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகளையும் நாம் பார்க்கிறோம். திருப்பலியா, வேலையா, படிப்பா என்ற கேள்வி நம் வீடுகளில் வாரந்தோறும் எழுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியைச் சந்தித்த எரிக் லிடெல் என்ற இளைஞரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இவர் 1902-இல் சீனாவின் தியான்ஜின் நகரில், ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தார். நம் பிரிந்த சகோதரர்களின் சபையைச் சேர்ந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தபோதே ஸ்காட்லாந்து ரக்பி அணியில் விளையாடினார். 1923-இல் 100 கெஜ ஓட்டத்தை 9.7 விநாடிகளில் ஓடிப் பிரிட்டனில் சாதனை படைத்தார். அதே ஆண்டு 440 கெஜ ஓட்டம் ஒன்றில் தொடக்கத்திலேயே கீழே விழுந்தும், எழுந்து ஓடி முதலாவதாக வந்தார்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் இவருக்கே என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தது. ஆண்டவரின் நாளில் ஓடுவதில்லை என்று மறுத்துவிட்டார். ஏச்சுப் பேச்சுகளைப் பொறுமையாக ஏற்று, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 200 மீட்டரில் வெண்கலம் வென்றார். ஜூலை 11 அன்று 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார்.

புகழின் உச்சியில் இருந்தவர், மறு ஆண்டே மறைப்பணிக்காகச் சீனா சென்றார். பள்ளியில் கற்பித்தார், பின்னர் போரால் அல்லலுற்ற கிராம மக்களிடையே பணியாற்றினார். 1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரு மகள்களையும் பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தனர்.

அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தார், விளையாட்டுகள் நடத்தினார். ஞாயிறு மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாததால் சண்டையில் முடித்தனர். அடுத்த ஞாயிறு லிடெல் தாமே நடுவராக நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தளர்த்தாத விதியை, அந்தச் சிறுவர்களுக்காகத் தளர்த்தினார். 1945 பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால், 43-ஆம் வயதில் அந்த முகாமிலேயே இறந்தார்.

அவர் கொள்கை மாறிவிட்டாரா? இல்லை. தம் புகழுக்காக ஞாயிறை விட்டுக்கொடுக்கவில்லை; பிறர் நலனுக்காக விட்டுக்கொடுத்தார். ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கிய நம் இயேசு காட்டிய வழியும் இதுவே.

குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்காக ஷிப்டுக்குப் போகும் தந்தையை ஆண்டவர் அறிவார். சனி மாலைத் திருப்பலி இருக்குமிடத்தில் அவர் அதில் பங்கேற்கலாம். ஆனால் தூக்கத்துக்கும், தொலைக்காட்சிக்கும், பிள்ளை இன்னும் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கவும் ஞாயிறை விட்டுக்கொடுக்கும் நாம் என்ன பதில் சொல்வோம்? யாருக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று இந்த வாரம் நம்மையே கேட்டுப் பார்ப்போம். ஆண்டவரின் நாளை அன்போடு அனுசரிக்கும் வரம் வேண்டி மன்றாடுவோம்.