பேர்சி ஸ்பென்சர்: போர்க்களத்திலிருந்து அடுப்பங்கரைக்கு

கல்லூரியொன்றின் பெருமையைப் பேச எழுந்த இம்மலரிலே, கல்லூரி வாயிலை மாணவனாய் ஒருநாளும் மிதித்தறியாத ஒருவரின் வரலாற்றை யாம் எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். எனினும், கற்றவர் யாவர் என்னும் வினாவுக்கு அன்னாரது வாழ்க்கை தக்கதொரு விடையாய் அமைந்திருத்தலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கத் துணிந்தோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்க் கோடியிலுள்ள மேய்ன் மாகாணத்தில், ஹவ்லண்ட் என்னுஞ் சிற்றூரிலே, 1894ஆம் ஆண்டு பிறந்தவர் பேர்சி ஸ்பென்சர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயாரும் பிரிந்து சென்றார். எடுத்து வளர்த்த உறவினரும் சிறுவனுக்கு ஏழு வயதானபோது காலமானார். வறுமை காரணமாகப் பன்னிரண்டு வயதிற் பள்ளியை விடுத்து, நூற்கட்டை செய்யும் ஆலையொன்றிற் கூலிக்கு அமர்ந்தார். பதினாறாவது வயதில், அயலிலிருந்த காகித ஆலை மின்சாரம் பெறவிருப்பதை அறிந்தார். மின்சாரத்தைப் பற்றி யாதும் அறியாதவராயிருந்தும் அவ்வேலையிற் சேர்ந்து, செய்து பழகியே தேர்ந்த மின்தொழிலாளரானார்.

1912ஆம் ஆண்டில் டைற்றானிக் கப்பல் அமிழ்ந்தபோது, கம்பியில்லாத் தந்தியாளர் இறுதிவரை ஆற்றிய கடமை அவருள்ளத்தைக் கவர்ந்தது. அக்கலையைக் கற்கும் வேட்கையாற் கடற்படையிற் சேர்ந்தார். இரவுக் காவலில் நின்ற வேளைகளிலே நூல்களைத் துணைக்கொண்டு கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலியவற்றைத் தாமே பயின்றார். ஆசிரியரும் அவரே, மாணாக்கரும் அவரே.

1920ஆம் ஆண்டுகளில் மசச்சூசெற்ஸ் மாகாணத்தில் வானொலிக் குழாய்கள் செய்யும் றேதியன் கம்பனியிற் சேர்ந்த ஸ்பென்சர், இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் புகழின் உச்சியை எய்தினார். வானில் வரும் பகையை முன்னறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதை, 1942 ஏப்ரலிற் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்குண்ட வரலாற்றை அறிந்த எமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறு அறிதற்குரிய கருவி றேடார். அது மின்காந்த அலைகளைச் செலுத்தி, பொருள்களிற் பட்டு மீளும் அலையைக்கொண்டு அவற்றின் இருப்பிடத்தைக் காட்டுவது. அலையின் நீளம் குறுகக் குறுகக் கருவியும் சிறுக்கும், காட்சியும் தெளியும். பத்துச் சென்ரிமீற்றர் அளவினதாகிய அலையைப் பெருவலுவுடன் பிறப்பிக்கும் மக்னெற்றோன் என்னுங் குழாயை, இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் றண்டால், பூற் என்னும் இருவர் 1940ஆம் ஆண்டு ஆக்கினர். அவ்வாண்டிலேயே அது அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

அது குடைவுகள் பல கொண்டதொரு செப்புக் கட்டி. அக்குடைவுகளின் அளவு மயிரிழையும் பிசகலாகாது. ஆதலின் முழுச் செம்பிற் கடைந்தெடுத்தல் மிக மெதுவாகவே நடைபெற்றது. போரோ காத்திராது. ஸ்பென்சர் மாற்றுவழி கண்டார். மெல்லிய செப்புத் தகடுகளை அச்சினால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, உலையிலிட்டுப் பற்றவைத்து ஒரே கட்டியாக்கும் முறையை வகுத்தார். போர் முடியுந் தறுவாயில் நாளொன்றுக்கு 2,600 குழாய்கள் வரையிற் செய்யப்பட்டன. கப்பல்களும் விமானங்களும் அவற்றைக் கண்ணாகப் பெற்றன. கடற்படை தனது உயரிய பொதுச்சேவை விருதினை அவர்க்கு வழங்கிற்று.

இனி வருவதே எம் நெஞ்சை ஈர்த்த நிகழ்ச்சி. ஒருநாள் இயங்கிக்கொண்டிருந்த மக்னெற்றோன் அருகே அவர் நின்றபோது, சட்டைப்பையிலிருந்த இனிப்புக்கட்டி உருகியிருக்கக் கண்டார். அக்குழாய்களின் வெப்பத்தை அவருக்கு முன்னரே உணர்ந்தோர் உளர். ஆயினும், ஏன் என்று வினவித் தொடர்ந்தவர் இவரே. சோளமணிகளை அருகில் வைத்தார். அவை பொரிந்து சிதறின. முட்டையொன்றை வைத்தபோது அது வெடித்ததென்பர். விரைந்து மாறும் அலைப்புலம் உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை அலைத்துச் சூடாக்குகின்றது. அவ்வலையை உலோகப் பெட்டியுள் அடைத்துவிட்டால் அதுவே அடுப்பாகும். 1945 ஒக்டோபரில் இதற்கான புத்தாக்க உரிமைக்கு விண்ணப்பித்து, 1950இல் அதனைப் பெற்றார்.

1947ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதலடுப்பு ஏறக்குறைய ஆறடி உயரமும் 750 இறாத்தல் நிறையும் உடையது. உணவுச்சாலைகளும் கப்பல்களுமே அதனைத் தாங்கவல்லன. இருபது ஆண்டுகள் சென்று, 1967இல், மேசைமேல் வைக்கத்தக்க சிற்றடுப்பு 495 டொலர் விலைக்கு வந்தது. இல்லந்தோறும் அது பரவியதைக் காணுமுன், 1970இல் ஸ்பென்சர் இவ்வுலகை நீத்தார். அவ்வடுப்பின் பொருட்டுக் கம்பனி வழக்கப்படி அவர் பெற்ற சன்மானம் இரண்டு டொலர் எனக் கூறுவர். எனினும், பட்டமேதும் பெறாத அவர்க்கு மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. அவர் தம் கம்பனியின் துணைத் தலைவருள் ஒருவராயும் உயர்ந்தார்.

கருவிக்குத் தன்னளவிற் பகையுமில்லை, நட்புமில்லை. இரவு வானிற் குண்டு வீசுவோர்க்கு இலக்கைக் காட்டிய அதே குழாய், பிற்காலத்திற் பசித்த பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தது. அதனை அடுப்பங்கரைக்குத் திருப்பியது, கண்முன் நிகழ்ந்ததைப் பொருட்படுத்திய ஒரு மனிதரின் கேள்வி. நூலகமும் ஆய்கூடமும் நல்லாசிரியரும் எமக்கு வாய்த்தன; அவருக்கு வாய்க்கவில்லை. இத்தனையும் வாய்க்கப்பெற்ற நாம், உருகிய இனிப்பைத் துடைத்தெறிந்துவிட்டுப் போவோரோ, அன்றி நின்று வினவுவோரோ? இவ்விழா நாளில் பழைய மாணவராகிய நாமும், இன்று வகுப்பறையிலிருக்கும் எம் இளவல்களும் நெஞ்சிற் கைவைத்து விடைகூறற்குரிய வினா இதுவேயாம்.