கூட்டுப் பட்டாவுக்குக் கடன் கொடுத்த அமைச்சர்... 50 டாலர் நோட்டில் இருப்பவரின் கதை!

நியூசிலாந்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்காங்களா? அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது, அந்த ஊர் 50 டாலர் நோட்டைக் காட்டச் சொல்லுங்க. ஊதா நிற நோட்டு. அதில் மீசை வைத்த ஒருவர் இருப்பார். கூடவே, மாவோரி மக்கள் கூடும் மரச்சிற்பக் கூடம் ஒன்றின் படமும் இருக்கும்.

அவர் பெயர் சர் அபிரானா ஙாட்டா. ஆமாம், 'ங'வில் தொடங்கும் பெயர். நாம் அரிச்சுவடியில் படித்ததோடு மறந்துவிட்ட எழுத்து, மாவோரி மொழியில் சர்வசாதாரணமாகச் சொல்லின் முதலில் வரும். ஆத்திசூடியில் இந்த எழுத்துக்கு ஔவையார் வைத்த அறிவுரை என்ன தெரியுமா? சுற்றத்தாரைச் சேர்த்து அணைத்துக்கொள் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பொருள். ஙாட்டா வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். அவருடைய அமைச்சர் பதவி பறிபோனதற்கும் கிட்டத்தட்ட அதுவே காரணம்.

அழியப்போகும் இனம் என்று சொன்ன காலம்

1874 ஜூலை 3-ம் தேதி, நியூசிலாந்து வடக்குத் தீவின் கிழக்குக் கடற்கரையில் டே அராரோவா என்ற ஊரில் பிறந்தார் ஙாட்டா. குலம், ஙாட்டி போரோ. அப்பா பாராட்டேனே, ஊரில் மதிக்கப்பட்ட தலைவர். இன்னொரு பெரியவர் ராபாட்டா வஹாவஹா. 1860-களில் மாவோரிகளுக்கும் அரசுக்கும் நடந்த போர்களில், அரசின் பக்கம் நின்று போரிட்டவர். வெள்ளையர்கள் இனி இங்கேதான் இருப்பார்கள், அவர்களின் படிப்பை நம் பிள்ளைகளும் படிக்கணும் என்பதில் இரண்டு பெரியவர்களும் தெளிவாக இருந்தார்கள்.

அதனால், சிறு வயதிலேயே டே அவுட்டே என்ற மாவோரி ஆண்கள் பள்ளிக்கு அனுப்பப்பட்டார் ஙாட்டா. 1893-ல் கேன்டர்பரி கல்லூரியில் பி.ஏ முடித்தார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரி அவர்தான். 1896-ல் சட்டப் படிப்பையும் முடித்தார்.

அந்த 1896-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், நாடு முழுக்க மாவோரிகள் சுமார் 42,000 பேர்தான். நோய்கள், போர்கள், நில இழப்பு என எல்லாம் சேர்ந்து கொண்டுவந்துவிட்ட நிலை அது. இந்த இனம் இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமலே போய்விடும் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். தன் இனத்தைப் பற்றி அப்படியொரு பேச்சைக் கேட்டுக்கொண்டே கல்லூரிக்குப் போய்வருவது எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க!

நகரத்தில் வக்கீலாக உட்கார்ந்திருந்தால் ஙாட்டா நல்ல காசு பார்த்திருக்கலாம். ஆனால் அவர் மனைவி அரிஹியாவோடு ஊருக்கே திரும்பினார். காட்டை வெட்டி, புல் விதைத்து, ஆடு வளர்க்கும் பண்ணைகளை உருவாக்குவதில் ஊர்க்காரர்களோடு இறங்கினார்.

பட்டாவில் நூறு பெயர்... கடன் யார் கொடுப்பார்?

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள, ஒரு நிலப் பிரச்னையைப் புரிந்துகொள்ளணும். நம்ம ஊர்க்காரர்களுக்கு அது ரொம்பக் கஷ்டமில்லை.

தாத்தா பெயரில் இருந்த நிலம் ஒன்று. இப்போது பட்டாவில் பன்னிரண்டு பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், இன்னொருவரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. அந்த நிலத்தை வைத்துக் கடன் கேட்டால் வங்கி என்ன சொல்லும்? எல்லோருடைய கையெழுத்தும் வேணும் என்று திருப்பி அனுப்பிவிடும், இல்லையா?

மாவோரிகளுக்கு நடந்தது இதைவிட மோசம். அவர்களின் நிலம் தனி ஆளுக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை. அது குலத்துக்குச் சொந்தம். 1865-ல் அரசு, பூர்வகுடி நில நீதிமன்றம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குலத்தின் நிலத்தைத் தனித்தனிப் பெயர்களில் பங்காக எழுதிக்கொடுப்பது அதன் வேலை. பங்கு தனி ஆள் பெயருக்கு வந்தால், அவரிடமிருந்து வாங்கிவிடலாம் அல்லவா? அப்படித்தான் ஏக்கர் ஏக்கராக நிலம் கைமாறியது. அளவைச் செலவுக்கும் வழக்குச் செலவுக்குமே நிலத்தை விற்றவர்களும் உண்டு. விற்காமல் மிஞ்சிய நிலத்திலோ, தலைமுறைக்குத் தலைமுறை வாரிசுகள் கூடிக்கொண்டே போனார்கள். ஒரே துண்டு நிலத்துக்கு நூற்றுக்கணக்கில் சொந்தக்காரர்கள்!

1894-ல் வெள்ளைக்கார விவசாயிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. மாவோரிகளுக்கு அது எட்டாக்கனி. காரணம், பட்டா சரியில்லை. அந்தப் பட்டாவை இப்படி ஆக்கிவைத்தது அரசு போட்ட சட்டம்தான் என்பதை யாரும் பேசவில்லை. கடன் இல்லாததால் நிலம் தரிசாகக் கிடந்தது. தரிசாகக் கிடப்பதைக் காட்டி, மாவோரிகளுக்கு விவசாயம் வராது, நிலத்தை விற்கச் சொல்லுங்கள் என்றது ஊர்.

இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் ஙாட்டாவின் வாழ்நாள் வேலை.

1905-ல் கிழக்கு மாவோரித் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். அடுத்த 38 ஆண்டுகள் அந்தத் தொகுதி அவரிடம்தான் இருந்தது. 1907-ல் தலைமை நீதிபதி ராபர்ட் ஸ்டவுட்டோடு சேர்ந்து மாவோரி நிலங்களை ஆராயும் ஆணையத்தில் உட்கார்ந்தார். மிஞ்சியிருக்கும் நிலத்தில் மாவோரிகளே விவசாயம் செய்யட்டும், அதற்கு உதவுங்கள் என்பது அந்த ஆணையத்தின் முக்கியமான குரல்களில் ஒன்று. பங்குகளை ஒரு குழுவின் கீழ் கொண்டுவந்து பண்ணை நடத்துவது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய பங்குகளை மாற்றிக்கொண்டு ஒரே இடத்தில் சேர்ப்பது எனப் பல வழிகளைத் தன் ஊரிலேயே செய்துகாட்டினார்.

நாற்காலி கிடைத்த நேரம்... வீட்டில் இரண்டு சாவு

1928 டிசம்பரில் ஜோசப் வார்ட் அமைச்சரவையில் பூர்வகுடி விவகார அமைச்சரானார் ஙாட்டா. அமைச்சரவையில் மூன்றாவது இடம். தன் மக்களைப் பற்றி முடிவெடுக்கும் மேஜையில் இனி அவரே அமைச்சர்.

ஆனால், 1929 அவருக்குக் கொடுமையான வருடம். மூத்த மகன் மாகாரினியும் மனைவி அரிஹியாவும் அடுத்தடுத்து நோயில் இறந்துபோனார்கள். வேறு யாராக இருந்தாலும் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். ஙாட்டா அந்த வருடமே தன் பெரிய சட்டத்தை நிறைவேற்றினார்.

சட்டத்தின் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. பட்டா சிக்கல் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். நிலத்தின் நிர்வாகத்தை அமைச்சகம் தற்காலிகமாகக் கையில் எடுத்துக்கொள்ளும். அரசுப் பணத்தில் புதர் வெட்டி, வேலி போட்டு, புல் விதைத்து, மாடும் ஆடும் வாங்கித் தரும். குலத்திலிருந்து ஒரு குடும்பம் அங்கே குடியேறி உழைக்கும். பால், வெண்ணெய்க் காசில் கடன் கொஞ்சம் கொஞ்சமாக அடையும். நிலம் மட்டும் குலத்தின் கையைவிட்டுப் போகாது.

நேரத்தையும் கவனியுங்க. உலகமே பொருளாதார மந்தத்தில் மூழ்கத் தொடங்கிய நேரம். வேலையில்லாமல் தவித்த மாவோரிக் குடும்பங்களுக்கு, இந்தத் திட்டங்களே பல இடங்களில் சோறு போட்டன.

தன் குலத்துக்கு மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. வைகாட்டோ பகுதியில் டே புவேயா என்ற பெண் தலைவர் இருந்தார். 1860-களின் போருக்குப் பிறகு அவர் மக்களின் நிலத்தை அரசு பறித்திருந்தது. முதல் உலகப் போரில் ஙாட்டா படைக்கு ஆள் சேர்த்தபோது, தன் இளைஞர்கள் கட்டாயமாகப் போருக்குப் போகக்கூடாது என்று எதிர்த்து நின்றவர் டே புவேயா. எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் 1920-களின் இறுதியில் இருவரும் நெருங்கிய கூட்டாளிகள் ஆனார்கள். வைகாட்டோவிலும் திட்டம் வந்தது. அதை மேற்பார்வை செய்யும் பொறுப்பு டே புவேயாவிடமே தரப்பட்டது.

இன்னொரு பக்கம், பாட்டும் சிற்பமும் அவரை விடவில்லை. குலங்களின் பழைய பாடல்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்துத் தொகுத்தார். மரச்சிற்பக் கலை அழிந்துவிடக் கூடாதென்று ரோட்டோருவாவில் ஒரு பள்ளி தொடங்க வழிசெய்தார். வயிறும் நிறையணும், பாட்டும் இருக்கணும் என்பதுதான் அவர் கணக்கு.

ரசீது எங்கே?

இப்போதுதான் சிக்கல் வருகிறது.

ஙாட்டா அவசரக்காரர். கோப்பு நகரும் வேகம் அவருக்குப் போதவில்லை. ஊருக்கு நேரில் போவார், குலத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசுவார், பணத்தை ஒதுக்கி வேலையைத் தொடங்கச் சொல்வார். ஒப்புதல், ரசீது, பதிவேடு எல்லாம் பின்னால் வரும். சில சமயம் வராது. மேற்பார்வைக்குத் தனக்குத் தெரிந்தவர்களை வைத்தார். அதில் உறவினர்களும் இருந்தார்கள்.

தணிக்கைத் துறை கேள்வி கேட்டது. எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. பத்திரிகைகள் எழுதின. 1934-ல் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கணக்குகள் ஒழுங்காக இல்லை, விதிகளை அமைச்சர் மதிக்கவில்லை, தன் குலத்துக்குச் சலுகை காட்டினார் என்றெல்லாம் அறிக்கை கடுமையாகச் சொன்னது. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் கணக்கைத் திருத்தியதும் தெரியவந்தது. ஙாட்டா சொந்தமாகப் பணம் சுருட்டினார் என்று மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை.

கீழே இருப்பவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஙாட்டா அப்படிச் செய்யவில்லை. துறையில் நடந்ததற்குத் தானே பொறுப்பு என்று 1934 நவம்பரில் ராஜினாமா செய்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? பொதுப் பணத்துக்குக் கணக்கு வேணும் என்பதை நாம் மறுக்க முடியாது. அமைச்சர் உறவினர்களை வேலைக்கு வைத்தால் நம்ம ஊரில் சும்மா விடுவோமா? அதே நேரம், எழுபது வருஷமாக மாவோரி நிலம் சட்டப்படியே, ரசீதோடே, பதிவேட்டில் ஏறியே கைமாறிப் போனது. அப்போது பெரிதாக அதிராத நாடாளுமன்றம், நிலத்தைக் காப்பாற்றப் போட்ட பணத்தின் ரசீதுக்கு அதிர்ந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஙாட்டா புரிவார்.

திட்டங்களிலும் குறை இல்லாமல் இல்லை. சில பண்ணைகள் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக்கூடப் போதாத அளவுக்குச் சின்னவை. தற்காலிகமாக எடுத்த நிர்வாகத்தை அரசுத் துறை பல ஆண்டுகள் விடவே இல்லை. தங்கள் நிலத்தைத் தாங்களே தொட முடியாமல் காத்திருந்த சொந்தக்காரர்களும் உண்டு. ஆனாலும் அடுத்து வந்த லேபர் அரசு, திட்டங்களை மூடாமல் தொடர்ந்தது. கடிவாளத்தை மட்டும் இறுக்கியது.

தோற்ற மறு மாதம்

பதவி போனாலும் அவர் ஓயவில்லை. 1940-ல் வைட்டாங்கி ஒப்பந்தத்தின் நூற்றாண்டு விழாவில், 65 வயதில் முன்வரிசையில் நின்று ஹாக்கா ஆடினார். அந்தப் புகைப்படம் நியூசிலாந்தில் இன்றும் பிரபலம்.

இரண்டாம் உலகப் போரில் மாவோரிகளுக்கென்று தனிப் படைப்பிரிவு வேண்டும் என்று போராடிப் பெற்றார். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தால், சம உரிமையை யாரும் மறுக்க முடியாது என்று நம்பினார். அந்த 28-வது படைப்பிரிவில் போன சுமார் 3,600 பேரில் 649 பேர் திரும்பி வரவில்லை. சம உரிமைக்கு இவ்வளவு பெரிய விலையா என்ற கேள்வி அவருக்கும் இருந்திருக்கும்.

1943 செப்டம்பர் தேர்தலில் ஙாட்டா தோற்றார். 38 வருஷத்துக்குப் பிறகு முதல் தோல்வி. அடுத்த மாதமே ருவாட்டோரியாவில் ஒரு பெரிய கூட்டம். துனிசியாவில் உயிரிழந்த ஙாட்டி போரோ இளைஞர் ஙாரிமுவின் விக்டோரியா கிராஸ் விருதை அவர் பெற்றோரிடம் வழங்கும் நிகழ்ச்சி அது. தோற்றுப்போன ஙாட்டாதான் அதை முன்னின்று நடத்தினார். எம்.பி இல்லை, அமைச்சர் இல்லை. ஊர்ப் பெரியவர், அவ்வளவுதான்.

1950-ல் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். உடல்நிலை மோசமாக இருந்ததால் போய் உட்காரவே முடியவில்லை. ஜூலை 14-ம் தேதி, 76 வயதில், வையோமாட்டாட்டினியில் காலமானார். அவர் படிப்பை முடித்தபோது 42,000-ஆக இருந்த மாவோரிகள், அப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

பணத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று விலகவேண்டி வந்தவரின் முகம், இன்று அந்த நாட்டுப் பணத்திலேயே இருக்கிறது. நோட்டில் அவரோடு இருக்கும் அந்த மரச்சிற்பக் கூடத்தின் பெயர் போரோராங்கி. அவர் உயிர்விட்ட அதே வையோமாட்டாட்டினியில், ஙாட்டி போரோ மக்களின் கூடமாக நிற்கிறது.