பச்சிளங் குழந்தைகளைக் காத்த பெண் வைத்தியர்

நேற்று முற்றத்தில் ஓடி விளையாடிய குழந்தை இன்று கடுங் காய்ச்சலுடன் வாந்தியெடுக்கிறது, கழுத்து விறைக்கிறது, நினைவு மங்குகிறது. மூளையையும் முண்ணாணையும் போர்த்திருக்கும் மென்சவ்வில் கிருமி தொற்றி அழற்சி உண்டாவதே இதன் காரணம். ‘ஹீமோபிலஸ் இன்புளுவென்சா’ என்ற பற்றீரியாவால் இந்நோய் கண்ட பச்சிளங் குழந்தைகளில் அநேகமாக எவருமே 1930ஆம் ஆண்டளவில் பிழைப்பதில்லை. அந்நிலையை மாற்றியவர் டொக்டர் ஹற்றி அலெக்சாண்டர்.

இவர் 1901இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில், எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். கல்லூரியில் படிப்பைவிட விளையாட்டிலேயே நாட்டம். 1923இல் பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் கிருமியியல் ஆய்வுகூடங்களில் பணிசெய்து, சேமித்த பணத்துடன் மருத்துவம் பயிலச் சென்றார். 1930இல் வைத்தியரானார்.

பின்னர் நியூயோர்க்கில் குழந்தைகள் வைத்தியசாலையில் சேர்ந்தார். குதிரையின் குருதியிலிருந்து எடுத்த மருந்துநீர் இந்நோய்க்குப் பயன்படவில்லை. இவரோ முயலின் குருதியை நாடினார். இரசாயன அறிஞர் மைக்கேல் ஹைடல்பேகரின் துணையுடன் ஆக்கிய மருந்துநீரால் குழந்தைகள் பூரண சுகம் பெற்ற செய்தியை 1939இல் வெளியிட்டார்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது. காலம் தாழ்த்தவும் கூடாது. முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரில் அதே முயல் மருந்துநீரைக் கலந்து, கிருமியின் உறை வீங்குகிறதா எனப் பார்த்து, நோயை விரைவில் அறிந்தார். அந்நீரிலுள்ள சீனியின் அளவைக்கொண்டு மருந்தின் அளவைத் தீர்மானித்தார். சல்பா மருந்தும் சேர்ந்தபோது மேலும் பலர் பிழைத்தனர்.

பின்பு வந்த ஸ்ரெப்ரோமைசின் சில குழந்தைகளுக்குப் பலன் தராதபோது இவர் சோர்ந்துவிடவில்லை. கிருமிகளின் பரம்பரை இயல்பு மாறுவதே காரணமெனக் கண்டு, அதனையும் ஆராய்ந்தார். 1964இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். 1968இல் புற்றுநோயால் காலமானார்.

இக்கிருமிக்கெதிரான தடுப்பூசி 2008 முதல் நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் ஏற்றப்படுகிறது. ஆயினும் மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் வேறும் உண்டு. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, அளவுமீறிய தூக்கம், கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெற்றோர் விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். ஹற்றி அலெக்சாண்டர் தேடித் தந்த வாய்ப்பு, நேரத்தோடு வரும் குழந்தைக்கே முழுமையாகக் கிட்டும்.