இரைப்பையைக் காட்டிய கானன்

எக்ஸ்-ரே என்றவுடன் நம் நினைவிற்கு வருவது எலும்பே. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் அக்கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடுவதால் அதன் நிழல் தெளிவாக விழுகின்றது. இரைப்பை, குடல், தசை முதலிய மென்மையான உறுப்புகளோ கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் ஊடுருவ விடுகின்றன. ஆதலின் அவற்றைப் பிரித்தறிதல் அரிது. இக்குறையைத் தீர்க்க முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் வால்ட்டர் கானன்.

இவர் 1871-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் இரயில்வேயில் அலுவல் பார்த்தவர். அத்துறையிலேயே உழைக்கும் நம்போன்றோர்க்கு இஃதோர் உவகை தரும் செய்தியன்றோ!

1896-ஆம் ஆண்டில் கானன் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர். விழுங்கிய உணவு எவ்வாறு உட்செல்கிறது என்பதைப் புதிய கதிர்களைக் கொண்டு ஆராயுமாறு பேராசிரியர் பௌடிச் அவரைத் தூண்டினார். முதலில் ஒரு நாய் விழுங்கிய முத்துப் பொத்தான் உணவுக்குழாய் வழியே இறங்குவதைத் திரையில் கண்டார். பின்னர் நீண்ட கழுத்துடைய வாத்திற்குப் பிஸ்மத் உப்பு அடங்கிய உறையைக் கொடுத்தார். பிஸ்மத் கனமான தனிமம், கதிர்களைத் தடுக்கவல்லது. அவ்வுப்பைக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டியபோது, அதுவரை மறைந்திருந்த இரைப்பையின் வடிவும் அது சுருங்கி விரியும் அலைகளும் கண்முன் நிழலாடின. இம்முடிவுகள் 1898-இல் வெளியாயின.

அப்பொழுது மற்றொரு புதுமையும் புலப்பட்டது. பூனை அஞ்சினாலும் சினந்தாலும் இரைப்பையின் அசைவு நின்றுவிடும்; அமைதியுற்றதும் மீண்டும் தொடங்கும். உள்ளத்தின் கலக்கம் உடலை எவ்வாறு தாக்குகிறது என்னும் ஆராய்ச்சிக்கு இதுவே வித்தாயிற்று. 1915-இல் அதுபற்றி அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. 1906 முதல் 1942 வரை அவர் ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கினார்.

ஆயினும் இவ்வறிவிற்கு அவர் கொடுத்த விலை பெரிது. கதிர்களின் தீங்கை எவரும் முற்றும் அறியாத காலம் அது. போதிய காப்பின்றிப் பன்முறை திரைமுன் நின்றவரைப் பிற்காலத்தில் தோலைப் பற்றிய கொடிய நோய் வருத்தியது. இளமையில் உடலில் பட்ட கதிர்களே அதற்குக் காரணமெனக் கருதுவர். 1945-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் மறைந்தார்.

பிஸ்மத்தின் இடத்தைப் பின்னர் பேரியம் சல்பேட் பெற்றது. வயிற்று நோயைக் கண்டறிய மருத்துவமனையில் நாம் முகஞ்சுளித்து அருந்தும் வெண்கூழ் அதுவே. கதிர் பாயும் அறையில் இன்று ஈயக்கவசம் காப்பளிக்கிறது. அக்காப்பின்றி உழைத்த பெரியாரை நன்றியுடன் நினைத்தல் நம் கடனாகும்.