ஸர் ஜேம்ஸ் பாஜெட்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழன்பர்களில், பெரிய மருத்துவமனையின் படியை மிதியாதார் அரியர். அங்கு வழங்கும் நோய்ப் பெயர்களுக்குப் பின்னே நிற்கும் மனிதரை அறிந்தாரோ அவரினும் அரியர். அம்மனிதருள் ஒருவர் ஸர் ஜேம்ஸ் பாஜெட்.

இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில், யார்மத் துறைமுகத்தில், 1814 ஜனவரி 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கப்பலும் மதுவடிசாலையும் உடைய செல்வர். பின்னர்த் தொழில் நொடித்தது. குடும்பம் கடனில் ஆழ்ந்தது. ஊர் வைத்தியரிடம் பயிற்சி பெற்ற பாஜெட், 1834-இல் லண்டன் ஸெயிண்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மாணவரானார். மறு ஆண்டே, சடலமொன்றின் தசையில் கிடந்த மணல் போன்ற புள்ளிகளை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். உள்ளே சுருண்டிருந்தது ஒரு நுண்புழு! அப்போது அவர்க்கு வயது 21.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. பத்திரிகைகட்கு எழுதியும், மருத்துவமனைப் பொருட்காட்சிசாலைக்கு அட்டவணை தயாரித்தும் காலங்கழித்தார். 1836-இல் நிச்சயித்த திருமணம் 1844-இல்தான் நடந்தேறியது. தந்தையார் கடனையோ, தமையனாருடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்துத் தீர்த்தார். எளியேனுக்கு அவர் பெற்ற பட்டங்களினும் இதுவே பெரிதாகப் படுகிறது.

1858-இல் விக்டோரியா அரசியாரின் அறுவை மருத்துவருள் ஒருவரானார். 1871-இல் பிரேதப் பரிசோதனையின்போது நஞ்சேறி, மயிரிழையில் உயிர் தப்பினார்.

1875-இல் வெளியிட்ட நூலில், திடீரென ஒரு கை வீங்கி வலிக்கும் நோயை விவரித்தார். கௌட் என்னும் வாதத்தால் சிரை அழன்றதென்றே கருதினார். பெருமகனார் இங்கே சறுக்கினார் எனல் வேண்டும். காறையெலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே செல்லும் பெருஞ்சிரை, கையை ஓங்கி ஓங்கி உழைப்பதால் நசுங்கிப் புண்படுகிறது. அங்கே குருதி உறைகிறது. உடலுழைப்புக்கும் இவ்வுறைவுக்கும் உள்ள தொடர்பை 1884-இல் உணர்த்தியவர் வியன்னா நகரத்து ஷ்ரோட்டர். 1949-இல் ஹ்யூஸ் என்பார் இருவர் பெயரையும் இணைத்து நோய்க்குச் சூட்டினார்.

பந்தெறிந்து வந்த பிள்ளைக்கு ஒரு கை மட்டும் வீங்கி நீலம் பாரித்தால், சுளுக்கென்று தைலம் தேய்த்து நாள் கடத்தலாகாது. உறைகட்டி நுரையீரலுக்குப் பெயர்ந்தால் உயிருக்கே இடர். இன்று மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்தி உறைவைக் கரைப்பர். தக்கவர்க்கு முதல் விலாவையே அறுத்தெடுத்துச் சிரைக்கு வழி விடுவர். அக்குள் வழியே அவ்விலாவை அகற்றும் முறையை அமெரிக்கரான ரூஸ் 1966-இல் வெளியிட்டார்.

இவற்றுள் எதனையும் பாஜெட் காணவில்லை. 1899 டிசம்பர் 30-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில், லண்டனில் அவர் காலமானார்.